பிரிண்ட் எடுத்த கடையில் பறிபோன வீடு

போன வாரம் ஒரு கடை வாசலில் நின்று தொண்டை கட்டுமளவுக்குச் சத்தம் போட்டேன். கோபம் இன்னும் இறங்கவில்லை. அதே சூட்டில்தான் இதை எழுதுகிறேன்... கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோமதி என்று எனக்கு ஒரு சிநேகிதி. செங்கல்பட்டில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் டெக்னீஷியன். எனக்குச் சர்க்கரை பார்க்கப் போய், ஊசி குத்துகிற நேரத்தில் பேசிப் பேசிப் பழக்கமானவள். வீடு கடப்பாக்கத்தில். தினமும் பஸ் மாறி வந்து போகிறாள்.

அவள் மகள் பவித்ரா இந்த வருஷம் பிளஸ் டூ முடித்தாள். நல்ல மார்க். தாம்பரம் பக்கம் ஒரு கல்லூரியில் மைக்ரோபயாலஜி சேர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். இரண்டு ஊருக்கும் நடுவில், நான் இருக்கும் ஊரப்பாக்கத்தில் ஒரு வீடு கிடைத்தால் அம்மாவுக்கு இந்தப் பக்கம் ஒரு ரயில், மகளுக்கு அந்தப் பக்கம் ஒரு ரயில். கிடைக்காவிட்டால்? "பக்கத்துல எந்த காலேஜ் கீதோ அதுல எது குடுக்குறானோ அதைப் படிக்கட்டும்" என்று பவித்ராவின் அப்பா சொல்லிவிட்டார்.

எங்கள் தெருவிலேயே ஒரு மாடி வீடு காலியாக இருந்தது. நானே ஹவுஸ் ஓனரிடம் போய்ப் பேசினேன். ரிட்டயர் ஆனவர், மரியாதையான மனிதர். எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியாகக் குரலைத் தாழ்த்தி, "நம்ம ஜனங்கதானேம்மா?" என்றார்.

நான் சிரித்துக்கொண்டே, "நல்ல ஜனங்க சார்" என்றேன். பெரிய சாமர்த்தியசாலி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அந்தக் கேள்விக்கு அங்கேயே, அப்போதே, "அது எதுக்கு சார் உங்களுக்கு?" என்று கேட்டிருக்க வேண்டாமா? கேட்கவில்லை. காரியம் ஆக வேண்டுமே!

ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் மகளும் வந்தார்கள். வீடு பிடித்துவிட்டது. எந்த அறையில் படிப்பது என்றுகூடப் பவித்ரா முடிவு செய்துவிட்டாள். அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. கையோடு கல்லூரி அப்ளிகேஷனையும் முடித்துவிடலாம் என்று ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு கடைக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

அந்த மாதிரிக் கடை உங்கள் ஊரிலும் இருக்கும். ஜெராக்ஸ், லேமினேஷன், பான் கார்டு, ஆன்லைன் அப்ளிகேஷன் - எல்லாம் ஒரே போர்டில். "வாட்ஸப்ல அனுப்பிடுங்க, நான் ஏத்திடறேன்" என்றார் கடைக்காரர். அனுப்பினார்கள். மார்க் ஷீட், ஆதார், வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ்.

பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. "அந்த ஃபைலையெல்லாம் அழிச்சுட்டீங்களா?" என்று எங்களில் ஒருத்தியாவது கேட்டோமா? நீங்கள் என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா?

நாலு நாள் கழித்து ஹவுஸ் ஓனர் போன் செய்தார். வெளிநாட்டில் இருக்கும் பையன் திடீரென்று வருகிறானாம். மாடி அவனுக்கு வேண்டுமாம். அட்வான்ஸைத் திருப்பித் தந்துவிடுகிறாராம்.

"போன வாரம் வரைக்கும் வராத பையன் இப்ப எப்படி சார் வர்றான்?" என்றேன்.

உடனே அவருக்கே கோபம் வந்துவிட்டது. "நீயும் மறைச்சுட்டியேம்மா! அந்தக் கடைக்காரர் கம்ப்யூட்டர்ல காட்டினப்பத்தான் எனக்கு இன்னா ஏதுன்னே தெரிஞ்சுது. இன்னா ஜனம்னு மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல?"

ஒரு பெண் படிப்பதற்காகக் கொடுத்த சான்றிதழ். படிக்க முடியாமல் போன தலைமுறைகளுக்காகத்தான் அரசாங்கம் அந்தக் காகிதத்தையே தருகிறது. அதை வைத்தே அவள் படிக்கப் போகிற வழியை அடைக்கிறார்கள். எவ்வளவு கொழுப்பு இருக்க வேண்டும்!

கோமதிக்கு நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவள் அழவில்லை, திட்டவில்லை. "எந்தக் கடைக்கா? நீ இட்டுகினு போனியே, அந்தக் கடையா?" என்று மட்டும் கேட்டாள்.

செங்கல்பட்டில் வக்கீலாக இருக்கும் என் பழைய வகுப்புத் தோழிக்கு போன் போட்டேன். ஒரு கடை இப்படிச் செய்யலாமா? சட்டத்தில் இடம் இருக்கிறதா?

"செய்யக் கூடாது. நீங்க குடுத்தது அப்ளிகேஷனுக்கு. அதுக்கு மட்டும்தான் அவர் பயன்படுத்தலாம். இன்னொருத்தருக்குக் காட்டணும்னா உங்க சம்மதம் வேணும். வேலை முடிஞ்சா அழிச்சுடணும்" என்றாள்.

"அப்ப கேஸ் போடலாமா?"

"தனிநபர் தரவுப் பாதுகாப்புக்குச் சட்டம் போட்டாச்சு, விதிகளும் வந்தாச்சு. ஆனா எல்லாப் பிரிவும் ஒண்ணா அமலுக்கு வரலைடி. கட்டம் கட்டமாத்தான் வருது."

எதற்கெல்லாமோ ராத்திரியோடு ராத்திரியாக உத்தரவு போடத் தெரிகிறது. ஏழையின் காகிதத்தைக் காப்பாற்ற மட்டும் கட்டம் கட்டமாக! சரி, ஹவுஸ் ஓனர் மேல்? "பையன் வர்றான்னு சொல்லிட்டாரே. அது பொய்னு நிரூபிக்கணும். கடைக்காரர் வந்து சாட்சி சொல்வாரா?" என்றாள் தோழி.

கோமதியிடம் சொன்னேன். "கேஸு போட்டுட்டு இந்த ஊர்ல வேற எவன்கிட்டக்கா போய் வூடு கேக்குறது? எனக்கு அந்த ஃபைலு அழியணும். என் கண்ணு முன்னாடி அழியணும். அது போதும்" என்றாள்.

மறுநாள் காலை இருவரும் கடைக்குப் போனோம். நான் ஆரம்பித்த வேகத்தில் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் இரண்டு பேர் அப்படியே திரும்பிப் போய்விட்டார்கள். கடைக்காரருக்கு நிஜமாகவே ஒன்றும் புரியவில்லை.

"இதுல இன்னா மேடம் தப்பு கீது? அவரு டெய்லி பேப்பர் பாக்க வர்ற மனுசன். நீங்க இட்டுகினு வந்த புது பார்ட்டி எப்படின்னு கேட்டாரு. ஃபைலு எதிர்ல இருந்துச்சு, பாத்துக்கோங்க சார்னு திருப்பிக் காட்டினேன். நானா இட்டுக்கட்டி எதுனா சொன்னேனா? உள்ளதுதானே அதுல கீது?"

உள்ளதுதான்! உள்ளது என்பதால்தானே உன் கையில் நம்பிக் கொடுத்தோம்? ஊர் வாயில் போடவா கொடுத்தோம்? நான் கத்திய கத்தலை இங்கே அச்சில் போட ஆசிரியர் சம்மதிக்க மாட்டார்.

கோமதி கத்தவில்லை. "நான் லேப்ல வேலை பாக்குறேண்ணா. பொண்டாட்டியோட ரிசல்ட்டப் புருஷன் வந்து கேட்டாலே அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை கேக்காம குடுக்க மாட்டேன். நீ இப்ப எங்களுத அழி" என்றாள்.

அவர் முணுமுணுத்துக்கொண்டே கம்ப்யூட்டரைத் திறந்தார். பார்த்தால்... ஊரப்பாக்கமே அதற்குள் இருக்கிறது. ரேஷன் கார்டு, பாஸ்புக், ஜாதகம், ஸ்கேன் ரிப்போர்ட், விவாகரத்து நோட்டீஸ். போன வருஷம் நான் பிரிண்ட் எடுத்த பான் கார்டும் பல்லிளித்துக்கொண்டு கிடந்தது. கோமதியின் நாலு ஃபைல்களையும் ஒவ்வொன்றாக அழித்தார். குப்பைத் தொட்டியையும் காலி செய்யச் சொன்னாள். செய்தார். என்னுடையதையும் அழிக்க வைத்தேன்.

எங்களை எப்படியாவது சமாதானப்படுத்த வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். தலையைச் சொறிந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"மேடம்... அந்த ஹவுஸ் ஓனரோட ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டும் இதுலதான் கீது. பாக்கறீங்களா?"

சொல்லிக்கொண்டே திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

கோமதி சட்டென்று கையை நீட்டித் திரையை மறைத்தாள். "அதையும் அழிண்ணா! எங்களுதப் பாத்துட்டாங்கன்னுதானே இங்க வந்து சண்டை போட்டுகினு கீறோம்?"

அவர் அழித்தார். கோமதிக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. இந்த ஞாயிற்றுக்கிழமை கூடுவாஞ்சேரியில் ஒரு வீடு பார்க்கப் போகிறார்களாம். என்னைக் கூப்பிடவில்லை.

ஒன்றை மட்டும் உங்களிடம் மறைக்கக் கூடாது. கோமதி கையை நீட்டிய அந்த நொடியில், மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரைக்குப் பக்கத்தில் குனிந்திருந்தது நான்தான்.