காப்புக் கட்டிய கை

எனக்குப் பொறுமை என்பது எந்தக் காலத்திலும் கிடையாது. பருத்தியிலிருந்து கொட்டை பிரிக்கும் பட்டறையில் வேலை பார்த்த நாட்களில், எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கால்நாட்டிய பிறகு ஓரிடத்தில் நிற்கவே முடியவில்லை. காரணம், அக்காள் வீட்டுக்காரரான என் அத்தான். இஞ்சின் சுற்றிவிடும் நீண்ட இரும்புத் தண்டுக்கு எண்ணெய் விடுகிறவர் அவர்தான். அக்காள் பிரசவத்தில் பிழைத்ததற்காகத் தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்துகொண்டு, வலது மணிக்கட்டில் காப்புக் கட்டியிருந்தார். மஞ்சள் கயிறு, அதில் ஒரு விரலி மஞ்சள், தொங்குகிற இரண்டு நுனிகள். கொடை முடியாமல் அவிழ்க்கக் கூடாது.

பட்டறைக்குள் மோதிரம், கயிறு, தோளில் துண்டு எதுவும் ஆகாது என்பது மேஸ்திரியின் கண்டிப்பு. குடுமியைக்கூட இறுக்கி முடிந்து தலைப்பாகைக்குள் செருகிவிட்டுத்தான் நுழைய வேண்டும். அத்தானோ காப்பை மறைக்க முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். தொளதொளவென்று அது வேறு!

அவருக்கு முன் எண்ணெய் விட்டவரின் துண்டை அதே தண்டு சுருட்டி இழுத்து, வலது கை முழங்கையோடு போயிருந்தது. இப்போது அவர் வாசல் காவல்காரர். மத்தியானம் அவர் இடது கையால் சோறு பிசைவதைத் தினமும் பார்க்கிறவன் நான். அத்தானின் கை தண்டுப் பக்கம் போகும்போதெல்லாம் என் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு எட்டி எட்டிப் பார்ப்பேன்.

பொறுக்க முடியாமல் ஒருநாள் அவர் எதிரிலேயே ஒரு குச்சியில் மஞ்சள் கயிறு கட்டி, சுற்றுகிற தண்டில் தொட்டுக் காட்டினேன். குச்சி என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய் இரண்டாக முறிந்து விழுந்தது.

"பாத்தியளா அத்தான்?"

"ஏலே, குச்சிக்கு யாரு காப்புக் கட்டுனா? எனக்கு அம்மை காவல் நிக்கா."

நேரே மேஸ்திரியிடம் போய்ச் சொல்லிவிட்டேன். கொடை முடியும்வரை அத்தானை வெளிமுற்றத்துக்கு அனுப்பிவிட்டார். பெண்கள் உட்கார்ந்து பருத்தியில் தூசி பொறுக்குகிற இடம் அது.

சாயங்காலம் அக்காள் என்னை வாசலிலேயே மறித்தாள். "கூடப் பொறந்தவனாலே நீ? பொம்பளையளோட உக்கார வச்சிட்டியே. இனி அவுக மூஞ்சில எப்படி முழிப்ப?"

அத்தான் உள்ளேதான் இருந்தார். வெளியே வரவில்லை. எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. வந்த வழியே விறுவிறுவென்று திரும்பி நடந்தேன்.

கொடையன்று கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் போய் நின்றேன். மேளம் நெருங்கியது. ஆற்றில் முழுகிய ஈரம் காயாமல், வேப்பிலை சுற்றிய தீச்சட்டியோடு அத்தான் வந்தார். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். பிறகு அக்காள் சொல்லித்தான் தெரியும். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டியைத் தாங்கியிருந்த இரண்டு கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.