பால்கனிக்கு வெளியே நீளும் கை

துபாய் கராமாவில் எங்கள் அறைக்கு, ஊரே கொதிக்கும் ஜூலை மாதத்தில், உதடு வெடித்து மூக்கு சிவந்து ஒருவர் வேலை முடிந்து வருவார். ஒரு மாலுக்குள் செயற்கைப் பனிமலை அமைத்திருந்தார்கள். அங்கே பனிச்சறுக்கு கற்றுக்கொடுப்பது அவர் வேலை. தூத்துக்குடிக்காரர், பனியையே இங்கே வந்துதான் பார்த்தவர்.

அவர் கட்டிலுக்கு மேலே சுவரில் மலையேறும் சைக்கிள் ஒன்று தொங்கும். ஆஃப் நாள் காலையில் அதை இறக்கிச் செயினுக்கு எண்ணெய் விடுவார். பால்கனிக்குப் போய்க் கையை வெளியே நீட்டிப் பார்ப்பார். "இன்னும் சூடு குறையல" என்று திரும்ப மாட்டிவிடுவார். கோடை முழுக்க இதுதான்.

"தினமும் பனியில சறுக்குறீங்க. அது போதாதா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"அங்க மேல போக நாற்காலி இருக்குல்லா. உக்காந்தா கொண்டு விட்டுரும். ஊருக்கு வெளிய ஹத்தா மலையில சைக்கிள நாமதான மிதிச்சு ஏறணும்" என்றார். சொல்லும்போதே அவர் கால் பெடல் மிதிப்பது போல ஆடியது.

அக்டோபரில் அவருடைய ஆஃப் நாள் ஒன்றில் கண்விழித்தபோது அவரும் இல்லை, சைக்கிளும் இல்லை. சுவரில் டயர்த் தடம் மட்டும் இருந்தது. பால்கனிக்குப் போய் நானும் கையை நீட்டினேன். எனக்கு அது நேற்றைய அதே சூடாகத்தான் பட்டது.