பனிமலைக்கு வெடி வைத்த காலை

வால்தம்ஸ்டோவில் எங்கள் வீட்டுக்கு நேர் மேல் மாடியில் பெனிற்றா குடியிருக்கிறாள். கிழக்கு லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் இரத்தம் எடுக்கும் பகுதியில் வேலை. நாற்பது தாண்டிவிட்டது, கலியாணம் கட்டவில்லை. ஊசியைக் கண்டதும் முகம் வெளிறுகிற பெரிய ஆண்களிடம்கூட ஊர்ப் புதினம் கேட்டுக்கொண்டே இரத்தத்தை எடுத்து முடித்துவிடுவாள். அவளைப் பயந்தவள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். சுவிஸுக்குப் போய்வந்த கதையை முழுதாகக் கேட்கும்வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

தாய் தகப்பன் போனபிறகு அவளுக்கு மிஞ்சியது ஒரே தம்பி, கிருசாந்தன். பத்து வயது இளையவன். சுவிஸில், மலைக்கு மேலே ஹிண்டர்மாட் என்ற சிறிய கிராமத்தில், ஒரு ஹோட்டலில் சமையல்காரன். அவன் மனைவி பியற்றிஸ் அந்த மலைப்பக்கமே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. அவர்களுக்கு முதல் பிள்ளை பிறந்தது. துஷ்யா என்று பேர் வைத்தார்கள். தை மாதம் ஞானஸ்நானம், பெனிற்றாதான் ஞானத்தாய்.

மலையேறும் ரயிலில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லையாம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். கிராமத்தில் இறங்கினால் ரோட்டின் இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு வெட்டிக் குவித்த பனி. வீட்டைச் சுற்றிக் காட்டும்போது தம்பி அவளைக் கீழே நிலவறைக்கும் கூட்டிப்போனான். கதவே ஒரு சாண் தடிப்பில் கொங்கிறீற். உள்ளே உருளைக்கிழங்குச் சாக்கும் பனிச்சறுக்குக் கட்டைகளும் கிடந்தன. அந்தக் காலத்தில் அணுகுண்டுக்குப் பயந்து கட்டியதாம். ‘சுவிஸ்காரற்ற பங்கர்’ என்று சொல்லி அவன் சிரித்தான். அவளும் சிரித்து வைத்தாள்.

ஞானஸ்நானம் நல்லபடி முடிந்தது. மறுநாள் பனி கொட்டத் தொடங்கியது, நிற்கவில்லை. ரயிலை நிறுத்தினார்கள், ரோட்டையும் மூடினார்கள். பனிச்சரிவு வரக்கூடும் என்று தம்பி சாப்பாட்டு மேசையில் சாதாரணமாகச் சொன்னான். இங்கே வருசா வருசம் நடப்பதுதான், இரண்டு மூன்று நாளில் திறந்துவிடுவார்கள் என்றான். ஊரில் சண்டைக் காலத்தில் பாதை மூடுவது என்றால் என்னவென்று தெரிந்தவள் பெனிற்றா. வீட்டுக்குப் பின்னால் செங்குத்தாக நின்ற வெள்ளைச் சரிவை ஜன்னலால் பார்த்துக்கொண்டே இருந்தாள். பாஸ்போட்டைத் தலையணைக்குக் கீழே வைத்து, போட்ட உடுப்போடு படுத்தாள்.

பியற்றிஸுக்குக் காய்ச்சல். அவள் கொஞ்சம் நித்திரை கொள்ளட்டும் என்று குழந்தையின் கட்டிலைத் தன் அறைக்குக் கொண்டுவரச் சொன்னதும் பெனிற்றாதான்.

விடியற்காலை பனி ஓய்ந்து வானம் வெளித்தது. தம்பி ஹோட்டலுக்குப் போய்விட்டான். அப்போதுதான் அந்தச் சத்தம். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பின்னால் ஒரு நீண்ட இரைச்சல். அது அடங்குமுன் இன்னொன்று, இன்னும் கிட்ட.

யோசித்து ஒன்றும் செய்யவில்லை என்கிறாள். பிள்ளையைப் போர்வையோடு அள்ளியது நினைவிருக்கிறது. வெறுங்காலில் படி குளிர்ந்ததும் நினைவிருக்கிறது. நிலவறைக்குள் போய் அந்தக் கதவை முழுப் பலத்தோடும் இழுத்துச் சாத்தினாள். உள்ளே கும்மிருட்டு. லைட் சுவிச் எங்கே என்று தெரியாது. சாக்குக்குப் பக்கத்தில் குந்தி, பிள்ளையைத் தன் சுவெற்றருக்குள் விட்டு அணைத்துக்கொண்டாள். வெளியே வெடித்துக்கொண்டிருந்தது. கொங்கிறீற்றுக்குள்ளால் அது நிலத்தடியில் யாரோ இடிப்பதுபோலக் கேட்டது.

பிறகு சத்தம் நின்றது. வெளியே போகலாம் என்று எழும்பித் தடவினால், கதவின் இரும்புப் பிடி அசையவில்லை. மேலே தூக்குவதா, கீழே அமத்துவதா தெரியவில்லை. இரண்டு கையாலும் தொங்கிப் பார்த்தாள். கதவில் அடித்தாள், கத்தினாள். தன் குரல் அந்த அறையைத் தாண்டவில்லை என்பது அவளுக்கே விளங்கியது. பிள்ளை பசியில் அழத் தொடங்கியது. காற்று எவ்வளவு நேரத்துக்குக் காணும் என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது. அழுகிற பிள்ளைதான் கூடுதலாகக் காற்றை இழுக்கும் என்றும் நினைத்தாள்.

மேலே பியற்றிஸ் கண்விழித்தபோது மச்சாளின் படுக்கை வெறுமை, குழந்தையின் கட்டில் வெறுமை. இரவு உடுப்போடே பனிக்குள் ஓடினாள். புருசனுக்குப் போன் அடித்தாள். பொலிசுக்கு அடித்தாள், ரோடு திறக்காமல் தங்களால் மேலே வர ஏலாது என்றார்கள். அக்கம்பக்கத்துச் சுவிஸ்காரர் சிலர் நீளத் தடிகளோடு வந்து, வீட்டுக்குப் பின்னால் குவிந்திருந்த பனிக்குள் ஆள் புதைந்திருக்கிறதோ என்று குத்திப் பார்க்கத் தொடங்கினார்கள். அந்தத் தடி ஒவ்வொரு முறை பனிக்குள் இறங்கும்போதும் தன் நெஞ்சுக்குள் இறங்கியதுபோல இருந்ததாகப் பியற்றிஸ் பிறகு சொன்னாள்.

கிருசாந்தன் ஏப்ரனோடு ஓடிவந்தான். வாசலில் அக்காவின் சப்பாத்தும் கோட்டும் வைத்தபடியே இருந்தன. வெளியே போகவில்லை என்று உடனே பிடித்துக்கொண்டான். நேரே நிலவறைக்கு இறங்கிக் கதவைத் திறந்தான்.

பியற்றிஸ் பிள்ளையைப் பறித்து, கால்விரல், கைவிரல் எல்லாம் தடவிப் பார்த்தாள்.

“என்ர பிள்ளையை என்னட்டச் சொல்லாமல் ஏன் தூக்கினீங்கள்?”

“குண்டு விழுந்தது” என்றாள் பெனிற்றா.

“அது குண்டில்லை அக்கா” என்றான் கிருசாந்தன். “பனி தானாச் சரிய முதல் இவங்களே வெடி வைச்சு விழுத்துறவங்கள். ராத்திரியே அறிவிச்சவங்கள். நான்தான் உங்களுக்குச் சொல்ல மறந்திட்டன்.”

அன்றிரவு பிள்ளையின் கட்டில் தாயின் அறைக்குத் திரும்பியது. கதவைச் சாத்தியபின் உள்ளே பூட்டில் திறப்புத் திரும்பிய சத்தம் பெனிற்றாவுக்குக் கேட்டது. ரோடு திறந்த அன்றே கிளம்பி லண்டன் வந்துவிட்டாள்.

வந்தபிறகு ஆள் மாறிப்போனாள். தம்பி அனுப்பும் படங்களுக்குப் பதில் போடமாட்டாள். ஆஸ்பத்திரியில் சின்னப் பிள்ளைகள் வந்தால் மற்றவர்களிடம் அனுப்பிவிடுவாள். ஒருநாள் படியில் கண்டு என்னவென்று கேட்டேன். “என்னை நானே நம்பேலாமல் கிடக்கு. அண்டைக்கு அந்தப் பிள்ளை என்ர கையில செத்திருக்கும்” என்றாள். வெடிச்சத்தத்தைவிட இதுதான் அவளை ஆட்டிப்படைத்தது.

கோடை தொடங்க, பியற்றிஸே போன் பண்ணினாள். ஆவணியில் வரச் சொன்னாள். ஷிப்ட் இருக்கிறது என்று இவள் சமாளித்தாள்.

“லீவு எடுங்கோ மச்சாள். அவர் கேக்கச் சொல்லேல்லை, நான்தான் கூப்பிடுறன்.”

உறவை வெட்டிவிடத்தான் நேரில் கூப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டே பெனிற்றா போனாள்.

அதே ரயில், அதே கிராமம். ஆனால் இடம் பிடிபடவில்லை. வெள்ளையாக நின்றதெல்லாம் பச்சை. மாடுகள் கழுத்து மணியை ஆட்டிக்கொண்டு சரிவில் மேய்ந்தன. அரைக் காற்சட்டை போட்ட வெள்ளைக்காரர் ஐஸ்கிறீம் குடித்துக்கொண்டு திரிந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் மட்டும், மேலிருந்து கீழ்வரை, மரங்கள் முறிந்து கிடந்த ஒரு கோடு. பனி இறங்கிய வழி அது. அதைக் காணாதமாதிரி வீட்டுக்குள் போனாள்.

துஷ்யா இப்போது தவழ்கிற பிள்ளை. சிரித்துக்கொண்டு மாமியை நோக்கி வந்தாள். பெனிற்றா இரண்டு காலையும் கதிரைக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டாள். தொடப் பயம். பியற்றிஸ் அதைப் பார்த்தாள்.

ஒரு பின்னேரம் கிருசாந்தன் வேலையில். திடீரென்று மலைக்கு மேலே இருண்டு, இடி முழங்கியது. மலைகளுக்கு நடுவில் ஒரு இடி நாலைந்தாகத் திரும்பிவரும். பெனிற்றா கதிரையின் கையை இறுக்கிப் பிடித்தாள். அவளுக்கு முன்னால் பியற்றிஸ் எழும்பிவிட்டாள். முகத்தில் இரத்தமில்லை. பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு நிலவறைப் படியின் தலைப்பில் போய் நின்றாள்.

பெனிற்றா திகைத்துப்போய்ப் பின்னால் போனாள்.

“அண்டைக்குப் பிறகு எனக்கு ஒரு சத்தமும் ஏலாது மச்சாள்” என்றாள் பியற்றிஸ். “சின்னனில இருந்து கேட்டு வளந்த வெடி. இப்ப கேட்டவுடன கட்டிலை ஓடிப்போய்ப் பாக்கிறன். வெறுமையாக் கிடக்கும் எண்டுதான் ஒவ்வொருமுறையும் நினைக்கிறன். இஞ்ச ஒருத்தருக்கும் இது விளங்குதில்லை. உங்களுக்கு விளங்கும் எண்டுதான் வரச் சொன்னனான்.”

இருவரும் மேல்படியில் இருந்தார்கள். மழை கூரைத் தகரத்தில் அடித்தது.

“கேக்கிறன் எண்டு குறை நினையாதேங்கோ” என்றாள் பியற்றிஸ். “சப்பாத்துக்கூடப் போடாமல் ஏன் முதல்ல பிள்ளையைத் தூக்கினீங்கள்?”

அதை அவள் அதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. அன்றுதான் சொன்னாள். ஊரில் சண்டை, அப்போது அவளுக்குப் பத்து வயது. ஷெல் விழத் தொடங்கியதும் வீட்டிலிருந்த எல்லாரும் வளவில் வெட்டியிருந்த பங்கருக்குள் பாய்ந்தார்கள். கைப்பிள்ளை தகப்பனிடம் என்று தாய் நினைத்தாள். பெரியம்மாவிடம் என்று தகப்பன் நினைத்தார். உள்ளே இருட்டில் ஒருவரை ஒருவர் தடவிப் பார்த்தபோதுதான், சேலையில் கட்டிய ஏணையில் படுத்திருந்த கைக்குழந்தையை யாருமே தூக்கவில்லை என்று தெரிந்தது. தாய் கத்திக்கொண்டு வெளியே ஓடினாள். அவள் திரும்பி வரும்வரை பங்கருக்குள் ஒருவரும் மூச்சுவிடவில்லை. கூரையில் பாதி இல்லை. ஏணை முழுக்க ஓட்டுத்தூள். பிள்ளைக்கு ஒரு கீறல்கூட இல்லை, நித்திரை.

“ஒண்டும் நடக்கேல்லை. ஆனால் சத்தம் கேட்டால் என்ர கை ஏணைக்குத்தான் போகும்” என்றாள் பெனிற்றா.

“அந்தப் பிள்ளை இப்ப எங்க?”

“உம்மட மனுசன்தான்.”

பியற்றிஸ் மடியிலிருந்த பிள்ளையைக் குனிந்து பார்த்தாள். காற்று ஜன்னல்களை அடிக்க, அவற்றைப் பூட்டவேண்டும் என்று எழும்பினாள். “பிடியுங்கோ மச்சாள்” என்று பிள்ளையை இவள் மடியில் வைத்துவிட்டு மேலே போனாள். அவள் திரும்பி வரும்வரை பெனிற்றா அசையவில்லை. துஷ்யா அவளுடைய மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கி வாயில் வைத்தாள். இடி இன்னும் முழங்கிக்கொண்டிருந்தது. பயத்தில் தன் நெஞ்சு அடித்த அடி பிள்ளைக்குக் கேட்குமோ என்றுதான் அவளுக்கு யோசனை.

அன்று இரவு வேலையால் வந்த கிருசாந்தனிடம் பியற்றிஸ் எல்லாவற்றையும் சொன்னாளாம். அவன் முதலில் சிரித்தான். பிறகு பல்கனிக்குப் போய்த் தனியே நின்றான்.

பயம் இருவருக்கும் போகவில்லை. வெடி வைக்குமுன் அந்தக் கிராமத்தில் எல்லாருடைய போனுக்கும் ஒரு செய்தி வரும். இந்தப் பனிக்காலத்தில் பியற்றிஸ் அதை அப்படியே பெனிற்றாவுக்கு அனுப்புகிறாள். லண்டனில் இருப்பவளுக்கு அது எதற்கு என்று கேட்டேன். தனக்குத் துணைக்கு என்று பியற்றிஸ் சொல்கிறாளாம். நேற்றுக் காலை பஸ் தரிப்பில் அவளோடு நின்றேன். செய்தி வந்தது. வந்த பஸ்ஸை அவள் போகவிட்டாள், அடுத்ததையும் போகவிட்டாள். போனைக் கைக்குள் பொத்திக்கொண்டு உதடு அசைய நின்றாள். மறுபடி அது அதிர்ந்தது.

“முடிஞ்சுதாம்” என்றாள். “வெடிச்சத்தத்துக்கும் பிள்ளை எழும்பேல்லையாம்.”

அதற்குப் பிறகு வந்த பஸ்ஸில்தான் ஏறினோம்.