டொக்டர் ஜெமீலின் பெயரைக் கேட்கிறார்கள்

கண்டி நகரில் கட்டி முடித்திருக்கும் புதிய அனர்த்த மருத்துவப் பிரிவுக்கு டொக்டர் ஜெமீலின் பெயரை வைப்பதென்று தீர்மானித்திருக்கிறார்கள். அந்தப் பிரிவுக்குப் பொறுப்பான மருத்துவ அதிகாரி நேற்றுக் காலை இதைத் தொலைபேசியில் எனக்கு உறுதிப்படுத்தினார். குடும்பத்தின் சம்மதம் கிடைத்துவிட்டதா என்று கேட்டேன். "கேட்டிருக்கிறோம்" என்றார். இப்போதைக்கு உறுதியானது இவ்வளவுதான்.

டொக்டர் காலமான செய்தியை அக்குறணையிலிருந்து அவருடைய மகள் சொன்னாள். "வாப்பா மௌத்தாகிட்டார் அங்கிள். அசர் தொழுகைக்குப் பொறகு எடுக்கிறம்." நாவலப்பிட்டியிலிருந்து பஸ் மாறி நான் போய்ச் சேர்ந்தபோது பள்ளிவாசல் முற்றம் நிறைந்திருந்தது. ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே உள்ள தோட்டமொன்றிலிருந்து ஒரு வேனில் வந்தவர்கள் மதிலோரமாக நின்றார்கள். அவர்களில் பலருக்கு அவர் வைத்தியமே பார்த்ததில்லை. அவர்கள் அவருக்காகக் காயம்பட்டவர்களாக நடித்தவர்கள்.

அவரை அறிந்தவர்களுக்கு அந்த ஒத்திகைகள் நினைவிருக்கும். மண்சரிவு நடந்ததாக வைத்துக்கொண்டு தோட்டத்து ஆட்களைத் தேயிலைக்குள் ஆங்காங்கே படுக்கவைப்பார். பயிற்சி பெற்ற தொண்டர்கள் ஓடி வந்து ஒவ்வொருவர் கையிலும் பட்டி கட்டவேண்டும். உடனே பார்க்கவேண்டியவருக்குச் சிவப்பு, பொறுக்கக்கூடியவருக்கு மஞ்சள், நடக்கக்கூடியவருக்குப் பச்சை. இறந்தவருக்குக் கறுப்பு. முதல் ஒத்திகையில் கறுப்புப் பட்டிக்கு ஒருவரும் கை நீட்டவில்லை. உயிரோடு இருக்கிற ஆள் அதைக் கட்டினால் வீட்டுக்கு ஆகாது என்று எழுந்து போய்விட்டார்கள். டொக்டர் தானே கட்டிக்கொண்டு ஈரப் புல்லில் மல்லாந்து படுத்தார். தொண்டர்களின் தலைவி செல்வமணி அவருக்கு மேலே குனிந்து நின்றாள்.

"செத்தவங்க கண்ணச் சிமிட்டக் கூடாதுங்க டொக்டர்."

"வெயில் அடிக்குது புள்ள. கொஞ்சம் மறைச்சு நில்லுங்கோ."

"செத்தவங்க பேசவும் கூடாதுங்க."

கால் முறிந்தவராக நடித்த ஒருவர் இடையில் எழுந்து தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார். அன்றைக்கு எல்லாரும் சிரித்தோம். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஒத்திகையிலும் பிணம் டொக்டர்தான்.

ஒத்திகைக்குக் கூட்டம் சேர்ந்ததற்கு அவர் கொடுத்த ஒரு வாக்கும் காரணம். அந்தத் தோட்டம் இருக்கும் மலையில் உள்ள சிறிய வைத்தியசாலைக்குப் பின்னால் ஒரு கொள்கலனைக் கொண்டுவந்து வைத்தார். ஒட்சிசன் சிலிண்டர்கள், சேலைன், முறிவுக்குக் கட்டும் பலகைகள், தூக்கிச் செல்லும் படுக்கைகள், ஒரு ஜெனரேட்டர் எல்லாம் அதற்குள் இருந்தன. "மழை வந்தா எங்களுக்கு மேல ஏற ஏலாது. சாமான் முன்னுக்கே ஏறி இரிக்கணும்" என்று கோயில் மண்டபத்தில் எல்லாருக்கும் முன்னால் சொன்னார். இது இங்கேயே இருக்கும் என்றும் சொன்னார். நான் அதைக் குறித்துக்கொண்டேன், செய்தியாகவும் எழுதினேன்.

பிறகு வெளிநாட்டு நிபுணர்கள் சிலர் கண்டிக்கு வந்தார்கள். வளரும் நாடொன்று அனர்த்தத்துக்கு எப்படித் தயாராகிறது என்பதை அவர்களுக்குக் காட்டவேண்டியிருந்தது. மலைக்கு ஏறிப் பார்க்க அவர்களுக்கு நேரமில்லை. அதனால் கொள்கலனில் இருந்ததையெல்லாம் லொறியில் ஏற்றி நகரத்துக்கு இறக்கி, ஒரு மண்டபத்தில் அடுக்கிவைத்தார்கள். அந்த ஏற்பாட்டைச் செய்தவர் டொக்டரிடம் பயிற்சி பெற்ற மருத்துவர், டொக்டரே கைபிடித்துப் பதவிக்குக் கொண்டுவந்தவர். நேற்று எனக்குத் தொலைபேசியில் பதில் சொன்னவரும் அவர்தான். கண்காட்சி முடிந்த கையோடு எல்லாம் திரும்ப மேலே போகும் என்று டொக்டருக்குச் சொல்லியிருந்தார்.

போகவில்லை. டொக்டரைக் கேட்டேன். கொள்கலன் வெறுமையாகக் கிடக்கிறது, திரும்பத் திரும்பக் கேட்டும் சாமான் வரவில்லை, தன் பெயரைப் போட்டே எழுதுங்கள் என்றார். எழுதினேன். செய்தி வெளிவந்த மறுநாள், நிருபர் தான் சொன்னதைப் பிழையாக விளங்கிக்கொண்டார் என்று டொக்டருடைய மறுப்பு பத்திரிகைக்கு வந்தது. ஆசிரியர் அதைப் பிரசுரித்தார். அதன் பிறகு அந்த மலைக்கு நான் போனபோது, மறுப்பு வாங்கிய நிருபரோடு பேச ஒருவரும் முன்வரவில்லை. எத்தனையோ அதிகாரிகள் என்னிடம் சொன்னதைச் சொல்லவில்லை என்றிருக்கிறார்கள். இவர் அப்படிச் செய்வார் என்று நான் நினைத்ததேயில்லை.

மழை வந்தது. வைத்தியசாலைக்குக் கீழே பாதை உடைந்தது. அதற்கு மேலே தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த ஒரு லயத்தின் மீது மண் சரிந்தது. தொண்டர்கள் பழகியபடியே செய்தார்கள். பட்டிகளும் நகரத்துக்குப் போயிருந்ததால் நிறம் பார்த்துச் சேலையைக் கிழித்துக் கட்டினார்கள். கதவுப் பலகைகளில் காயம்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு வைத்தியசாலைக்கு வந்தார்கள். சிவப்புக் கட்டிய ஒருவர், செல்வமணியின் கணவருடைய அண்ணன், பாதை திறக்கும்வரை காத்திருந்து அங்கேயே இறந்தார். சாமான் மேலே இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்பதை எந்த மருத்துவரும் எனக்கு உறுதிப்படுத்தவில்லை. ஆகவே அதை நான் எழுதமாட்டேன்.

பாதை திறந்ததும் டொக்டர் மேலே வந்தார். நானும் அங்கே நின்றேன். செல்வமணி அழவில்லை. "நீங்க சொல்லிக் குடுத்தபடியே செவப்புக் கட்டி வச்சோங்க. கட்டி வச்சா ஆச்சுங்களா? எதை வச்சுப் பாக்குறது?" என்று கேட்டாள்.  

திரும்பி வரும் வழியில் என்னை அவருடைய காரில் ஏறச் சொன்னார்.  பாதி வழியில், மறுப்பை எழுதித் தரச் சொன்னது யார் என்று தானாகவே சொன்னார். சத்தம் அடங்கினால் சாமானை அனுப்பிவிடுகிறேன் என்று கண்காட்சியை நடத்திய அதே மாணவர்தான் வாக்குக் கொடுத்து எழுதவைத்திருக்கிறார்.

"ஒங்கட பேர வித்துச் சாமானை வாங்கப் பாத்தன் சந்திரன். ரெண்டும் போச்சு."

"என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீங்க விட்டிருக்க மாட்டீங்க. எங்கட பொடியன்தானேன்டு நம்பினன்."

 கட்டுகஸ்தோட்டையில் என்னை இறக்கிவிட்டார். அதன் பிறகு ஓரிரு தடவை சந்தித்திருக்கிறோம். மன்னித்துவிட்டேன் என்று அவரிடம் நான் ஒருநாளும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. இப்போது சொல்கிறேன் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும்.

ஆனாலும் அவரிடமிருந்து ஒன்று என்னோடு தங்கிவிட்டது. புதிய வாட்டு, புதிய அம்புலன்ஸ், புதிய திட்டம் என்று யார் எதைத் திறந்துவைத்தாலும் கூட்டத்தின் கடைசிக் கதிரையிலிருந்து அவர் கேட்பார்: "பாதை ஒடஞ்சா?" மேடையில் இருப்பவர்களுக்கு அது பிடிக்காது. இப்போது அந்தக் கேள்வியை நான் கேட்கிறேன். அந்த அதிகாரியிடம் நேற்றும் கேட்டேன். புதிய பிரிவு இருப்பது நகரத்தில். மலையில் கொள்கலன் இன்னமும் வெறுமையாகக் கிடக்கிறது. போன வாரம் நானே போய்ப் பார்த்தேன்.

டொக்டரின் மனைவி ஓய்வுபெற்ற ஆசிரியை. நாங்கள் எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். கணவரை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்கும் இத்தாவில் இப்போது இருக்கிறார். வெளியார் யாரையும் பார்ப்பதில்லை. மகளின் தொலைபேசியில் என்னோடு பேசினார்.

"இத்தா முடியுமுன்ன விழாவ வைக்கப் பாக்குறாங்க. நான் வரத் தேவையில்லயாம், சரியென்டு ஒரு சொல் சொன்னாப் போதுமாம்."

"என்ன சொன்னீங்க டீச்சர்?"

"ஒன்டும் சொல்லல்ல. கொண்டு போன சாமான் மேல போகட்டும். இத்தா முடிஞ்ச பொறகு நானே போய்க் கொள்கலனத் தொறந்து பாப்பன். பாத்துப்போட்டுத்தான் சரியா இல்லயான்டு சொல்லுவன். அதுவரைக்கும் அவர்ட பேர ஒருத்தரும் தொடக் கூடாது. இத எழுதுங்கோ. நான் மறுக்க மாட்டன்."

இதை அந்த அதிகாரிக்கு வாசித்துக் காட்டினேன். பெயர்ப்பலகை ஏற்கெனவே செய்தாயிற்று என்றார். சாமான் எப்போது மேலே ஏறும் என்பதற்கு நாள் எதுவும் சொல்லவில்லை. டீச்சரின் இத்தா அடுத்த பெருமழைக்கு முன்பு முடிகிறது. அவருடைய பதிலை அப்போது எதிர்பார்க்கலாம்.