ரியாத்துக்கு இரண்டரை மணித்தியாலம்

அபூசாலிக்கு என்ன தொழில் என்று கேட்டால், சல்மா உம்மாவின் மருமகன் என்றுதான் சொல்ல வேண்டும். சீதனமாகக் கிடைத்த வீட்டில் படுப்பார். மாவடிப்பள்ளியில் சீதனமாகக் கிடைத்த வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு, நெல் வந்துவிட்டதா என்று விசாரிப்பார். அதற்கே களைத்துப்போவார், பாவம்.

எண்பத்தோராம் ஆண்டு கல்முனையில் கண்டவன் நின்றவனெல்லாம் சவூதிக்குப் பறந்தபோது, இவர் தரையில் இருந்தபடியே விமான விஷயத்தில் விண்ணன் ஆனார். யாரோ ஒருவரின் டிக்கற்றை வாங்கிப் பார்த்திருக்கிறார். கொழும்பில் காலை பத்துக்கு ஏறினால் ரியாத்தில் பன்னிரண்டரைக்கு இறக்கம். அங்கே பத்துக்கு ஏறினால் கொழும்பில் மாலை ஐந்தரை. என் இரும்புக்கடை வாங்கில் உட்கார்ந்து அளந்துவிட்டார்.

“போக ரெண்டர, வர ஏழர. ஏன் தெரியுமா காக்கா? போகக்குள்ள எல்லாரும் வெறுங்கை. வரக்குள்ள ரேடியோ, கம்பளி எண்டு ஆளுக்கொரு மூட்ட. பிளேன் அதையெல்லாம் இழுக்கணுமே!”

“என்ன கத கதைக்கிறாய் தம்பி? அங்க சூரியன் பிந்தித்தான் உதிக்கும். போகவும் வரவும் அஞ்சு மணித்தியாலம்தான்.”

“அல்லாஹ் ஒரு சூரியனத்தானே படைச்சிரிக்கான்?” என்று என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். ஆணி விற்கிறவனுக்கு என்ன தெரியும்?

இந்தக் கணக்கை வைத்துத்தான் மனைவி றஹீமாவை ரியாத்துக்கு வீட்டு வேலைக்கு அனுப்பினார். தாயை விட்டுப் போக மாட்டேன் என்று அவள் அழுதாள். “மட்டக்களப்புக்குப் போய் வாற நேரம்தானே புள்ள. உம்மாக்கு ஒண்டெண்டா அண்டைக்கே வந்திரலாம்” என்றார். நீ போனால் என்ன என்று நான் கேட்டேன். உயரம் என்றால் அவருக்குத் தலை சுற்றுமாம்.

ஒரு வருஷம் போனது. ஒருநாள் விடியற்காலை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு சல்மா உம்மா மௌத்தானார். மையித்தை வைத்திருப்பது எங்கள் வழக்கமில்லை. நடுப்பகல் லுஹருக்குள் அடக்க வேண்டும் என்று பள்ளிவாசல் மரைக்கார் முத்தலிப் பிடிவாதமாக நின்றார்.

அபூசாலி அவர் கையைப் பிடித்துக் கெஞ்சினார். “ஏழர மணித்தியாலம்தான் மரைக்கார். மகள் ஒருக்கா முகத்தப் பாக்கட்டும்.”

கொழும்பிலிருந்து கல்முனைக்கு பஸ்ஸே ஒரு ராத்திரி ஓடும் என்பது அவர் கணக்கில் இல்லை. ஆனால் அந்த அழுகை பொய்யில்லை. அந்த மனுசிதான் அவருக்கு இத்தனை காலம் சோறு போட்டவர். மரைக்கார் இரங்கி, பின்னேரத்து அசர் தொழுகைவரை தவணை கொடுத்தார்.

தொலைபேசி என் கடையில்தான் இருந்தது. பதிந்துவைத்த ட்ரங்க் கோல் அசர் பாங்குக்குக் கொஞ்சம் முன்னால்தான் கிடைத்தது.

“றஹீமா, உம்மா மௌத்தாப் போய்ட்டா. அடுத்த பிளேன்ல ஏறு புள்ள. நாங்க வெச்சிரிக்கம்” என்று கத்தினார் அபூசாலி.

அவள் கதறியது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. பிறகு சொன்னாள்: “எதில ஏற? பாஸ்போட் அரபியிட அலுமாரியில. ரெண்டு வருஷம் முடியாம கேற்றத் தாண்டவும் விடமாட்டான்.”

“ஏழர மணித்தியாலம்தானே புள்ள...” என்று தொடங்கினார் அபூசாலி. றஹீமா குறுக்கிட்டாள்.

“நீங்க அடக்குங்க. அதுக்கு முந்தி இந்த ஃபோன உம்மாட காதடியில ஒருக்கா வையுங்க. மாப்புக் கேக்கணும்.”

என் கடைக்கும் மையித்துக் கிடந்த வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான். அபூசாலி ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கடை வாசல்வரை இழுத்தார். அதற்கு மேல் வயர் எட்டவில்லை.