சாயத்தின் பின்னால் ஓடிய கவுன்சிலரம்மா

சென்ற வாரம் ஒரு காலை, எங்கள் மண்டியில் கத்தரிக்காய் ஏலம் உச்சத்தில் இருந்தது. மாகறல்காரர் ஒருவரும் கூரத்துக்காரர் ஒருவரும் போட்டி போட்டுக்கொண்டு விலையை ஏற்ற, நான் ஸ்டூலின்மேல் நின்று கத்திக்கொண்டிருந்தேன். அப்போது கூட்டத்தை இடித்துக்கொண்டு ஒரு சைக்கிள் உள்ளே வந்தது. "ஏலம் நடக்கும்போது சைக்கிள உள்ள வுடாதன்னு எத்தினி தபா சொல்றது?" என்று சீறினேன். வந்தவர் தனபாக்கியம் அம்மாளின் மகன் ஏகாம்பரம். சைக்கிளைவிட்டு அவர் இறங்கக்கூட இல்லை. "மாமா, அம்மா பூட்டாங்க" என்றார்.

விவரம் புரியாத மாகறல்காரர் இன்னொரு முறை விலை கேட்டார். நான் ஏலத்தை நிறுத்திவிட்டு மண்டியின் கதவைச் சாத்தினேன். அரசியலில் தனக்கு நேர் எதிராக நின்ற ஒருவருக்காகக் கடையடைத்த ஆள் நம் மார்க்கெட்டில் நானாகத்தான் இருக்கும். அம்மையார் அதைப் பார்த்திருந்தால், "இன்னிக்கி கத்தரிக்கா விலை எறங்கிடும்னு தெரிஞ்சிதான மூடின?" என்று கேட்டிருப்பார்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தனபாக்கியம் அம்மாள் பாவடித் தெருவின் நகர மன்ற உறுப்பினராக இருந்தவர். பதவி போய்ப் பல ஆண்டுகள் ஆன பிறகும் ஊருக்கு அவர் கவுன்சிலரம்மாதான். கணவர் இறந்தபின் சாயப்பட்டறையைத் தாமே நடத்தினார். பட்டுநூலைச் சாய அண்டாவில் முக்கி முக்கி, இரண்டு கைகளும் மணிக்கட்டு வரை அரக்கு நிறம் ஏறி இருக்கும். எந்தக் கட்சியிலும் சேராமல் சுயேச்சையாக நின்று ஜெயித்தார். நான் முசரவாக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து, காய்கறி மூட்டையோடு ஊருக்கு வந்து, மண்டி வைத்து, மார்க்கெட் வார்டுக்குச் சேர்மன் கட்சியின் கவுன்சிலரானவன். மன்றத்தில் எனக்கு நேர் எதிர் நாற்காலி அவருடையது. என் பெயரை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "ஏம்பா முசரவாக்கம்!" என்றுதான் கூப்பிடுவார்.

இரங்கல் கட்டுரையைக் குரல் தாழ்த்தி எழுதவேண்டும் என்று இந்த நினைவு மலரைத் தொகுக்கும் நண்பர்கள் சொல்லி அனுப்பினார்கள். மன்னிக்கவேண்டும், என்னால் முடியவில்லை. அவரை நினைத்தாலே எனக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்து நிற்கத் தோன்றுகிறது. அவரோடு சண்டை போட்ட நாட்களில் அப்படித்தான் நிற்பேன்.

அவர் மன்றத்துக்கு வந்த முதல் கூட்டமே போண்டாவில்தான் தொடங்கியது. உறுப்பினர்களுக்கு டீயும் போண்டாவும் நகராட்சிச் செலவில் வருவது வழக்கம். அம்மையார் தம் பங்கு போண்டாவை நிதானமாகச் சாப்பிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "இந்தச் செலவ நான் எதிர்க்கிறேன்" என்றார். மன்றமே சிரித்தது. "சாப்பிட்டுவிட்டு எதிர்ப்பதா?" என்று நான் குதித்தேன். "சூடா இருக்கும்போதே சாப்புடணும்பா. எதிர்க்கிறத ஆறினப்புறம்கூட எதிர்க்கலாம்" என்றார். அடுத்த கூட்டத்திலிருந்து போண்டா நின்றது. அந்த வகையில் அவர்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு.

எந்தச் செலவு மன்றத்துக்கு வந்தாலும் அவர் கேட்பது ஒரே கேள்விதான்: "எந்தத் தெருவுல?" பூங்காவுக்கு ரேடியோ வாங்கலாம் என்றார் சேர்மன். ஊர் மக்கள் அனைவருக்கும் பயன்படும் என்று நானும் பாடினேன். அம்மையார் எழுந்தார். "ஊர் காசு, ஊர் காசுன்றீங்களே, ஊருன்னு ஒரு தெரு எங்கனா இருக்குதா? காசு எறங்கினா ஒரு தெருவுலதான் எறங்கும். எறங்காத தெரு எதுன்னும் சேத்துச் சொல்லுங்க." அப்புறம் என்ன, ரேடியோ வந்தது, அதோடு பாவடித் தெருவின் குழாயடிக்கு ஒரு விளக்கும் வந்தது. சேர்மன் தலையில் அடித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

இனி அந்த வடிகால் கதைக்கு வருகிறேன். எழுதும்போதே கை பரபரக்கிறது.

பாவடித் தெரு நெசவாளர்களின் தெரு. தறிக்குக் கீழே ஒரு குழி வெட்டி, அதில் கால்களை விட்டு மிதியை மிதித்துத்தான் நெய்வார்கள். ஐப்பசி மழையில் தெருவில் தண்ணீர் தேங்கினால், முதலில் நிரம்புவது தறிக்குழிதான். அதில் சேறு கலந்து மேலே ஏறினால் தறியில் கட்டிய பாவு நூல் முழுதும் பாழ். எங்கள் மார்க்கெட்டும் அதே மழையில் குளமாகும், காய்கறி மிதக்கும். சர்க்காரிடமிருந்து மானியம் வந்தது. அது ஒரு வடிகாலுக்குத்தான் போதும். உங்கள் மார்க்கெட் குப்பை அடைத்துத்தான் எங்கள் தெரு முழுகுகிறது என்று அவர் சொன்னார். உங்கள் தெருத் தண்ணீர் வந்துதான் எங்கள் மார்க்கெட் முழுகுகிறது என்று நான் சொன்னேன். நகராட்சி ஓவர்சியர் வரைபடத்தை விரித்து, மார்க்கெட்தான் தாழ்வு, அங்கிருந்துதான் தொடங்கவேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். சேர்மன் கட்சிக்கு ஏற்றபடி படம் போட்டிருக்கிறார் என்று எதிர்வரிசை கூச்சல் போட்டது. மன்றம் இரண்டாகப் பிளந்து நின்றது. சுயேச்சைகள் அம்மையாரின் கையைப் பார்த்துத்தான் கை தூக்குவார்கள். ஆகவே அவர் கை எந்தப் பக்கமோ, பணம் அந்தப் பக்கம்.

அப்போது எழுந்து அவர் சொன்னதை மன்றத்தில் இருந்த எவரும் மறந்திருக்க முடியாது. "சாயத்த ஊத்திப் பாத்துடலாம். என் தெருத் தண்ணியில அரக்க ஊத்தறேன். முசரவாக்கம், உன் மார்க்கெட் தண்ணியில கிளிப்பச்சைய ஊத்து. பச்சை என் தெருவுக்கு வந்தா உன் கை எனக்கு. அரக்கு உன் மார்க்கெட்டுக்கு வந்தா என் கை உனக்கு." நான் மேசையைக் குத்தி, "சம்மதம்!" என்று கத்தினேன். உண்மையைச் சொன்னால், எது எங்கே போகும் என்று எனக்குத் துளிகூடத் தெரியாது. அவருக்கும் தெரியாது. ஆனால் தம் பக்கம்தான் ஜெயிக்கும் என்று அவர் உறுதியாக நம்பினார்.

ஆவணியில் ஒரு நல்ல மழை கொட்டியது. மறுநாள் விடிந்ததும் ஊரே திரண்டுவிட்டது. அவர் பட்டறையிலிருந்து அண்டா அண்டாவாக அரக்கு வந்தது. மார்க்கெட்டில் நானே என் கையால் பச்சையை ஊற்றினேன். எங்கள் பச்சை அசையவே இல்லை, ஊற்றிய இடத்திலேயே படர்ந்து நின்றது. "வருதுபா, செவப்பு வருது!" என்று தெருக்கோடியிலிருந்து ஒரு சத்தம். ஓடினேன். தெருத் திருப்பத்தில் அரக்கு வந்து ஒரு பள்ளத்தில் நின்றுவிட்டது. "நின்னுடுச்சி!" என்று பாவடித் தெருக்காரர்கள் துள்ளினார்கள். பிறகு அது மெல்ல விளிம்பைத் தாண்டியது, தாண்டியதும் வேகம் பிடித்தது. ஜவுளிக்கடைக்காரர், பூக்காரி, பாண்டு வாசிக்கிறவர், ஓவர்சியர், சேர்மன் எல்லோரும் பின்னால் ஓடினோம். எங்கள் எல்லோருக்கும் முன்னால், புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு அம்மையார் ஓடினார். "போ, போ, எங்க போற பாக்கலாம்" என்று தண்ணீரோடு பேசிக்கொண்டே ஓடினார்.

அரக்கு நேரே மார்க்கெட்டுக்குள் நுழைந்து, பச்சையோடு கலந்து, என் மண்டிப் படிக்கட்டில் வந்து மோதியது. என் வேட்டி முழங்கால்வரை சாயமானது. நான் ஆடியே விட்டேன். ஆடிக்கொண்டே திரும்பினால், அம்மையார் இடுப்பில் கைவைத்து இரைக்க இரைக்க நின்றிருந்தார். அழுவார் என்று நினைத்தேன். அவர் முகமோ பூரித்திருந்தது. "இன்னா ஓட்டம் ஓடிச்சி, பாத்தியா! ஓவர்சியர் சொன்னதுதான் சரி. எனக்குத்தான் தெரியல" என்றார். அதைச் சொல்லி முடித்தபின்தான் தம் தெருக்காரர்களைப் பார்த்தார். அவர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை.

வாக்கெடுப்பு நாளன்று பாவடித் தெரு முழுதும் மன்ற வாசலில் நின்றது. முனுசாமி என்ற நெசவாளர் முன்னால் வந்தார். யாருக்கோ முகூர்த்தப் புடவை ஒன்று அப்போது அவர் தறியில் ஏறியிருந்தது.

"ஊருக்கு முன்னால சொல்லிட்டா இன்னாம்மா? மாத்திக் கை தூக்கு. எவன் உன்ன கேப்பான்?"

"மேல கட்டினா தண்ணி வேகமா எறங்கி, கீழ முட்டிக்கினு நிக்கும் முனுசாமி. அப்புறம் ரெண்டு பக்கமும் முழுவும். கீழ தொறந்து வுட்டுதான் மேல வரணும்."

"அது வர்றப்ப வரட்டும். இந்த மழைக்கு நான் இன்னா பண்றது?"

எதற்கும் பதில் வைத்திருக்கும் அம்மையார், "இந்த மழைக்கு என்கிட்ட பதில் இல்லபா" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தார். சேர்மன், மார்க்கெட் வடிகாலுக்குச் சாதகமானவர்கள் கை தூக்கலாம் என்றார். எதிர்வரிசையில் எல்லாக் கைகளும் கீழே கிடக்க, அரக்கு நிறக் கை ஒன்று மட்டும் மேலே போனது. அதைப் பார்த்துச் சுயேச்சைகளின் கைகளும் ஒவ்வொன்றாக எழுந்தன. நான் ஜெயித்தேன். ஜெயித்ததும் வழக்கமாகக் குதிக்கிறவன், அன்று உட்கார்ந்தே இருந்தேன்.

எங்கள் மார்க்கெட்டிலிருந்து மஞ்சள்நீர்க் கால்வாய் வரை வேலை தொடங்கியது. இணைப்பு மேலே போகுமுன் ஐப்பசி வந்துவிட்டது. பாவடித் தெரு முழுகியது. அம்மையார் வீடு வீடாகப் போய்த் தறிக்குழிகளில் தண்ணீர் இறைத்தார். சிலர் கதவைத் திறந்தார்கள், சிலர் திறக்கவில்லை. முனுசாமியின் வீட்டுக்கு அவர் போய்ச் சேரும்போது சேறு பாவில் ஏறியிருந்தது. அந்தப் புடவையை முதலாளி வாங்க மறுத்துவிட்டார்.

அடுத்த தேர்தலில் அவர் தோற்றார். மோசமாகத் தோற்றார். முனுசாமி தெருத்தெருவாகப் போய் அவருக்கு எதிராக ஓட்டுக் கேட்டார். எனக்கோ, வடிகால் கொண்டுவந்த வீரன் என்று மாலைமேல் மாலை. முடிவு வந்த மறுநாள் மண்டிக்கு வந்தவர், கத்தரிக்காயைப் புரட்டிப் பார்த்து, "தோத்தவங்களுக்கு வெலையில எதனா கொறைப்பு உண்டா?" என்றார். வருத்தமில்லையா என்று கேட்டேன். "இல்லாம இருக்குமா? ராத்திரியெல்லாம் அழுதேன்" என்றார். "ஆனா அவங்க எனக்கு ஓட்டு போட்டிருந்தாதான் தப்பு. தறி நனைஞ்சவன் எப்படிப்பா போடுவான்?"

அதற்குப் பிறகு மன்றத்தின் பார்வையாளர் பெஞ்சு அவருடையதானது. பாவடித் தெரு இணைப்புக்கான தீர்மானம் வந்த அன்று, அங்கிருந்தே எழுந்து நின்று, "முசரவாக்கம், கை!" என்று அதட்டினார். பார்வையாளர் பேசக்கூடாது என்று சேர்மன் மணியடிப்பதற்குள் நான் இரண்டு கையையும் தூக்கிவிட்டேன். எங்கள் கட்சியில் என்னை விசாரித்தார்கள். விசாரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். திறப்பு விழா மேடையில் அவருக்கு நாற்காலி போடவில்லை. அவர் மேடையைப் பார்க்கவும் இல்லை, குனிந்து வடிகாலில் தண்ணீர் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சென்ற வாரம் அவரை எடுத்த அன்று நல்ல மழை. பாவடித் தெருவில் அத்தனை தறிகளும் நின்றிருந்தன. பாடை தயாரானபோது, கூட்டத்தை விலக்கிக்கொண்டு முனுசாமி வந்தார். தலை நரைத்துவிட்டது. எனக்குப் பழைய கோபம் கிளம்பியது. "இப்ப எதுக்குய்யா வந்த? அன்னிக்கி தோக்கடிச்சியே" என்று கேட்டுவிட்டேன்.

"ஆமாம்பா, தோக்கடிச்சேன். என் பாவு போச்சி. அதே எலெக்ஷன் நாளைக்கி வந்தாலும் அந்தம்மாவுக்கு ஓட்டு போட மாட்டேன்" என்றார் முனுசாமி. "ஆனா நேத்து ராத்திரி பூரா மழ பேஞ்சிச்சி. நான் நிம்மதியா தூங்கிக்கினு இருந்தேன். அப்பதான் அந்தம்மா உயிரு போயிருக்குது. நவுருபா, இந்தப் பக்கம் நான் புடிக்கிறேன்."

நகர்ந்து இடம் கொடுத்தேன். அவருக்குப் பின்னால் நானும் தோள் கொடுத்தேன். மழை வலுத்துக்கொண்டே இருந்தது. தண்ணீர் தேங்காத தெருவில் அவரைச் சுமந்துகொண்டு போனோம். போய் வாருங்கள் அம்மா. முனுசாமி சொன்னதைக் கேட்டிருந்தால் நீங்கள் கைதட்டிச் சிரித்திருப்பீர்கள். எனக்குத்தான் கண்ணை நீர் மறைத்தது, முன்னால் போகிற முனுசாமியின் முதுகைப் பார்த்தே நடந்தேன்.