சுந்தரியின் வெள்ளை சாக்லேட்

சுந்தரி சாக்லேட் கிண்டுகிற நாளில்தான் எங்கள் தெரு மனுஷர் குடியிருக்கும் தெரு மாதிரி இருக்கும். மற்ற நாளெல்லாம் ஊறவைத்த தோலும் சுண்ணாம்புமாக நாறும். ஆம்பூரில் பாதிப் பேருக்கு அந்த நாற்றம் தெரிவதே இல்லை, மூக்கு செத்துப்போய்விட்டது. எனக்குச் சாகவில்லை. ஷூ கம்பெனியில் மேல்தோல் தைத்துவிட்டுத் திரும்பும்போது முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டுதான் தெருவுக்குள் நுழைவேன். கலெக்டர் பொண்டாட்டி வருகிறாள் என்று கேலி பண்ணுவார்கள். பண்ணிவிட்டுப் போகட்டும்.

அடுத்த வீட்டு சுந்தரி கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரம்மா வீட்டில் சமையல் வேலை பார்த்தவள். அந்த அம்மாள் நடத்திய ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் ஈஸ்டர் அன்று ஒரு மிட்டாய் செய்வார்களாம். சீமையிலிருந்து பார்சலில் வரும் வெள்ளை சாக்லேட்டை உருக்கி, பாலும் வெண்ணெயும் சேர்த்துக் கிண்டி, கலர் கலராகத் தட்டில் ஊற்றி வெட்டுவது. அவர்கள் ஊரில் பனி உருகி, பூப்பூக்கும் மாதமாம் அது. அந்தப் பூவின் நிறமெல்லாம் தட்டில் இருக்க வேண்டுமாம். ஆம்பூரில் அந்த மாதம் பங்குனி. இங்கே உருகுவது தார் ரோடுதான்.

வெள்ளைக்காரம்மா ஊருக்குப் போனதோடு பார்சலும் நின்றுபோயிற்று. ஆனால் சுந்தரி விடவில்லை. சர்க்கரையைக் கம்பிப் பதத்துக்குக் காய்ச்சி, பால் பவுடரும் வெண்ணெயும் கொட்டி, கை கடுக்கக் கிண்டி, ஒரு மூடி வெனிலா எசன்ஸ் விட்டு, அதே மிட்டாயைக் கொண்டுவந்துவிட்டாள். சாக்லேட்டே இல்லாத அதற்கு வெள்ளை சாக்லேட் என்ற பேர் மட்டும் நிலைத்துவிட்டது. சதுரமாகத்தான் வெட்டுவாள். "சாய்ச்சு வெட்டுனா பர்பி ஆயிடும்க்கா" என்பாள். ரோஸ், பச்சை, மஞ்சள் என்று மூன்று தட்டு. ஈஸ்டர் ஆராதனை முடிந்ததும் சண்டே ஸ்கூல் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் கொடுப்பாள். அவள் வாழ்க்கையில் நாலு பேர் அவளைத் தேடி வந்து நிற்கிற நாள் அது ஒன்றுதான்.

அவள் புருஷன் தானியேல் தோல் பதனிடும் டேனரியில் சாயம் ஏற்றுகிற ட்ரம்மில் வேலை பார்த்தான். முழங்கை வரைக்கும் மஞ்சள். எந்த சோப்புக்கும் போகாது. கோயிலில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பான், யாராவது கை குலுக்க வந்தால் கும்பிட்டுவிடுவான். நல்ல மனுஷன். இதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே சொல்ல வேண்டும், ஏனென்றால் நடந்ததைக் கேட்ட பல பேர் அவனை முட்டாள் என்றார்கள். அவர்கள் யாரும் எங்கள் ஊரில் குடியிருந்தவர்கள் இல்லை.

டேனரிச் சாயம் எங்களுக்கு மஞ்சள்தூள், மிளகாய்த்தூள் மாதிரி வீட்டுச் சாமான். வேலைக்குப் போகிறவர்கள் காகிதத்தில் ஒரு பிடி மடித்துக் கொண்டுவருவார்கள். வெளுத்த புடவைக்குப் போடுவோம். பொங்கலுக்கு மாட்டுக் கொம்பில் பூசுவோம். கோலப்பொடியில் கலப்போம், கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக் காகிதத்தை அதில் முக்கி எடுப்போம். விஷம் என்று எவனும் சொன்னதில்லை. டப்பாவில் என்னமோ எழுதியிருந்ததாம், ஜெர்மன் பாஷையில்.

எழுபத்தாறாம் வருஷம் ஈஸ்டருக்கு முதல் நாள் சுந்தரி வாஹித் பாஷா பாய் கடைக்குப் போனாள். ரோஸும் பச்சையும் இருந்தன. கேசரிக்குப் போடுகிற மஞ்சள் மட்டும் இல்லை. "கல்யாண சீசன்மா, பிரியாணிக்காரங்க மொத்தமா அள்ளிட்டுப் போய்ட்டாங்க. ரெண்டு கலர் போதாதா?" என்றார் பாய்.

போதாது. அவளுடைய மகள் ஜெயசீலிக்குப் பத்து வயசு, மஞ்சள்தான் அவளுக்கு உயிர். சுந்தரி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து, அடுப்படியில் உட்கார்ந்து, ஒரு மிட்டாய் நிறத்துக்காக அழுதேவிட்டாள். தானியேலுக்குப் பொறுக்கவில்லை. மாடத்திலிருந்த காகித மடிப்பை எடுத்து நீட்டினான்.

"இத போடு."

"இது தோலுக்குப் போடறதாச்சே."

"ஒரு சிட்டிகைதான. பத்து, பதினஞ்சு வருஷமா இந்தக் கையாலதான் சோறு துன்றேன். எனக்கு இன்னா ஆச்சு?"

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். உண்மைதான். சோறு பிசைகிற கை, பிள்ளைக்கு ஊட்டின கை. என்ன ஆகிவிட்டது? எங்கள் தெருவில் யாராக இருந்தாலும் அந்தப் பதிலுக்குத் தலையாட்டித்தான் இருப்பார்கள். நானும்தான்.

ரோஸையும் பச்சையையும் அன்றே ஊற்றிவைத்தாள். மஞ்சளை ஈஸ்டர் அன்று விடியலில் கிண்டினாள். ஒரு சிட்டிகைக்கு நிறம் எழும்பவில்லை, எலுமிச்சைத் தோல் மாதிரி வெளிறி நின்றது. பாத்திரத்தில் இன்னும் கொஞ்சம் தட்டினாள். அடியில் சின்னக் கட்டி ஒன்று கரையாமல் தங்கியதை அவள் கவனிக்கவில்லை. தட்டில் ஊற்றிவிட்டு, வழக்கம்போலப் பாத்திரத்தை ஜெயசீலியிடம் நீட்டினாள். வழித்துத் தின்பது அவளுடைய உரிமை. கரண்டியால் சுரண்டி, விரலால் துடைத்து, பாத்திரத்தைக் கழுவ வேண்டாத அளவுக்குத் தின்று முடித்தது அந்தப் பிள்ளை.

நான் கிறிஸ்தவச்சி இல்லை. ஆனாலும் அந்த மிட்டாய்க்காக ஈஸ்டர் காலையில் கோயில் வாசலுக்குப் போய்விடுவேன். அன்றும் போனேன். வேப்பமரத்துக்குப் பக்கத்தில் பெஞ்சு போட்டு, மூன்று தட்டையும் வைத்து வெட்டிக்கொண்டிருந்தாள் சுந்தரி. அந்த மஞ்சள் மாதிரி ஒரு மஞ்சளை நான் எந்தப் பலகாரத்திலும் பார்த்ததில்லை. வெயிலில் கண் கூசியது. அழகாக இருந்தது என்றுதான் அப்போது நினைத்தேன்.

வெட்டி முடித்து, குழாயடியில் கை கழுவினாள். ரோஸ் ஓடியது. பச்சை ஓடியது. மஞ்சள் நின்றது. சோப்பை வாங்கித் தேய்த்தாள், மண்ணைப் போட்டுத் தேய்த்தாள். அதற்குள் இங்கே சண்டே ஸ்கூல் டீச்சர் தட்டைத் தூக்கிப் பிள்ளைகளிடம் நீட்ட ஆரம்பித்துவிட்டார்.

சுந்தரி ஈரக்கையோடு நிமிர்ந்தாள். எதிரே தானியேல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான். முதுகுப் பக்கம்தான் தெரிந்தது, முதுகில் கோத்திருந்த கைகள் தெரிந்தன. அவள் தன் விரல்களைப் பார்த்தாள். மறுபடி அந்தக் கைகளைப் பார்த்தாள். ஒரே நிறம். தோலில் ஏறினால் இறங்காத சாயம் அது, ஏறுவதற்கென்றே செய்தது. அது இப்போது பிள்ளைகளின் நாக்கில் ஏறப்போகிறது.

அவள் ஓடி வந்ததை நான் பார்த்தேன். முதலில் தட்டைத் தட்டிவிட்டாள். பிறகு பிள்ளைகளின் கையிலிருந்ததைப் பிடுங்கினாள். வாயில் போட்டிருந்தவர்களைப் பிடித்து, தாடையை அமுக்கி, விரலை விட்டுத் தோண்டி எடுத்தாள். புதுச் சட்டை போட்ட பிள்ளைகள் அலறின. "இன்னா சுந்தரி இது, பைத்தியமா புடிச்சிருக்குது?" என்று பாஸ்டரம்மா கையைப் பிடித்தார். உதறிவிட்டாள். ஒருத்தி அவளை அறைந்தேவிட்டாள். அதையும் வாங்கிக்கொண்டு அடுத்த பிள்ளையிடம் போனாள். துண்டை விழுங்கியிருந்த ஒன்றிரண்டு பேரை, உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தியெடுக்க வைத்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

எல்லோர் வாயையும் பார்த்த பிறகுதான் தன் பிள்ளை கண்ணில் படவில்லை என்று அவளுக்கு உறைத்தது.

ஜெயசீலி வேப்பமரத்துக்குப் பின்னால், வெள்ளை கவுனோடு, மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "நீ துன்னியாடி? சொல்லு, துன்னியா?" என்று உலுக்கினாள் சுந்தரி.

"இல்லம்மா. காலையிலியே நெறைய வழிச்சுத் துன்னேனே. தலை சுத்துது."

பிள்ளையின் உதடு நாவற்பழத் தோல் நிறத்தில் இருந்தது. நகமும் அப்படித்தான்.

சத்தம் கேட்டு வந்த கடைக்கார பாய் தன் அம்பாசடர் காரை எடுத்தார். நானும் ஏறிக்கொண்டேன். வேலூர் போகிற வழியில், மாதனூர் தாண்டும்போது பாலாறு முழுக்க வெறும் மணல், வெயில் அதன்மேல் அடித்துக்கொண்டிருந்தது. சுந்தரி பிள்ளையின் நகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். தானியேல் பிள்ளையைத் தொடவே இல்லை. கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டு வந்தான்.

ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர். சுந்தரி மிட்டாய்த் துண்டையும் தன் விரலையும் காட்டியதும் அவர் அதிகம் கேட்கவில்லை. ரத்தம் காற்றை ஏற்க மாட்டேன் என்கிறது, சாயம் செய்த வேலை என்றார். ஊசியில் ஏற்றினாரே ஒரு மருந்து, அதைப் பார்த்துத்தான் சுந்தரி முதல் தடவையாகக் கத்தினாள். "ஐயோ, இதுவும் கலரும்மா." கரு நீலம். மைக்கூட்டிலிருந்து எடுத்தது மாதிரி இருந்தது. பிள்ளைக்கு நீலத்தை ஏற்றி மஞ்சளை முறித்தார்கள். சாயந்தரத்துக்குள் உதடு சிவந்தது. ரெண்டு நாளைக்கு ஒன்றுக்குப் பச்சையாகப் போனாள். பிறகு அதுவும் தெளிந்தது. பிள்ளை பிழைத்துக்கொண்டது.

உதடு சிவந்த அன்று சாயந்தரமே எல்லோரும் அழுது முடித்து, ஆளுக்கொரு டீ குடித்தோம். அப்போது அந்த டாக்டர் வராந்தாவில் வந்து தானியேலின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "எத்தனை வருஷமா?" என்று கேட்டார். சொன்னான். "க்ளவுஸ் போடறது இல்லையா?" என்றார். அவன் சிரித்தான். டாக்டர் சிரிக்கவில்லை. "வேற வேலை பாருங்க. முடியலன்னா, ஒண்ணுக்குல ரத்தம் தெரிஞ்சா அன்னிக்கே இங்க வந்துடணும். அடுத்த நாள் இல்ல, அன்னிக்கே."

பிள்ளைகளின் வாயிலிருந்து தோண்டி எடுத்த அதே சாயத்துக்குள், திங்கள்கிழமை காலை எட்டு மணிக்குப் புருஷன் இறங்கப்போகிறான் என்பது சுந்தரிக்கு அங்கேதான் விளங்கியது. எனக்கும்தான். எனக்கு என்னமோ யாரையாவது பிடித்துச் சாத்த வேண்டும் போல இருந்தது.

அவள் டேனரி மேஸ்திரி மூர்த்தியைப் போய்ப் பார்த்தாள். வேறு செக்ஷனுக்கு மாற்றக் கேட்டாள். ஆள் இல்லை என்றான். க்ளவுஸாவது கொடுங்கள் என்றாள். "க்ளவுஸ் போட்டா தோல் வழுக்கும்மா. வேலை ஆவாது. இத்தினி பேர் செய்யலியா? நீ இன்னா புதுசா பேஜார் பண்ற?" என்றான். தானியேல் வேறு இடத்தில் கேட்காமலில்லை. எங்கே போனாலும் ட்ரம்தான். கைத்தொழில் தெரிந்தவனை எவன் வேறு வேலையில் வைப்பான்?

அதற்குப் பிறகு சுந்தரி கலர் பக்கமே போகவில்லை. ஈஸ்டருக்கு மூன்று தட்டும் வெள்ளைதான். ஒரு வருஷம் யாரும் வாங்கவில்லை, அடுத்த வருஷம் பிள்ளைகள் வந்துவிட்டன. முதல் துண்டை எல்லோர் முன்னாலும் அவளே தின்று காட்டினாள். வீட்டில் புருஷனுக்கு ஸ்பூன் வாங்கிக் கொடுத்தாள். அவன் ஸ்பூனில் சோறு தின்பதைப் பார்த்து நான்கூடக் கேலி பண்ணியிருக்கிறேன். இன்னொன்றும் செய்தாள். தினமும் காலையில் பாத்ரூம் கதவருகே நின்று கேட்பாள். சுவர் ஒன்றுதான், எங்கள் வீட்டுக்குக் கேட்கும்.

"கலர் எப்டி இருக்குது?"

"தண்ணி மாதிரி. போய் வேலையப் பாரு."

இதுதான் அவர்கள் வீட்டுக் காலை. எட்டு வருஷம் ஓடியது. ஜெயசீலி பெரியவளாகி நர்சிங் படிக்கப் போனாள். எண்பத்துநாலு ஐப்பசியிலிருந்து நான் ஒரு மாற்றத்தைக் கவனித்தேன். கேள்வி அதேதான், பதிலும் அதேதான். ஆனால் பதிலுக்கு முன்னால் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. சுந்தரிக்கும் கேட்டிருக்கும். ஒரு காலை அவள் கேட்கவே இல்லை. கதவை முட்டித் திறந்துவிட்டாள். நான் இந்தப் பக்கம் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன்.

"எத்தினி நாளா?"

அவன் வாளியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"எத்தினி நாளா மறைக்கற?"

"தீவாளிக்கு முன்னாடிலருந்து. ஜெயசீலி படிப்பு முடியட்டும்னு இருந்தேன், சுந்தரி."

அன்றைக்கே போனார்கள். ஆனால் ரத்தம் தெரிந்த அன்றைக்கே வரச் சொல்லியிருந்தாரே டாக்டர், அந்த நாள் எப்போதோ போய்விட்டது. மூத்திரப் பையில் கட்டி, அது வேறெங்கெல்லாமோ போய்விட்டது. மறு வருஷம் பங்குனியில், ஈஸ்டருக்கு முன்னால், தானியேல் போய்விட்டான்.

சவப்பெட்டி வந்தது. வெள்ளைச் சட்டை போட்டுப் படுக்க வைத்தார்கள். சுந்தரி ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் சோப்பும் கொண்டுவந்து அவன் கைகளைக் கழுவினாள். அவள் எதற்கு அவ்வளவு நேரம் தேய்க்கிறாள் என்று வெளியூர் சனத்துக்குப் புரியவில்லை. ஜெயசீலிதான் கடைசியில் அம்மாவின் கையிலிருந்து துணியை வாங்கினாள்.

கம்பெனி சார்பில் மூர்த்தி மாலையோடு வந்திருந்தான். முடியெல்லாம் நரைத்திருந்தது. சவப்பெட்டி விற்கிற கடையில் கொடுத்த ஒரு காகிதப் பொட்டலத்தைச் சுந்தரியிடம் நீட்டினான். "கைக்குப் போடறதும்மா. வழக்கம். பாக்கறவங்களுக்கு நல்லாயிருக்கும்."

பிரித்தாள். ஒரு ஜோடி வெள்ளை க்ளவுஸ்.

அவள் அதை மடியில் வைத்து, விரல் விரலாக நீவினாள். கோபமாகப் பேசவில்லை. சந்தேகம் கேட்பவள் மாதிரிதான் கேட்டாள்.

"இப்ப போட்டா வழுக்காதா, மேஸ்திரி?"

மூர்த்தி தலையைக் குனிந்துகொண்டு வாசலுக்குப் போய் நின்றான். சுந்தரி க்ளவுஸை மறுபடி பொட்டலத்தில் மடித்து ஜன்னல் மேல் வைத்தாள். தானியேலின் கைகளை எடுத்து, இத்தனை வருஷம் அவன் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தவற்றை, நெஞ்சின்மேல் எல்லோருக்கும் தெரிகிறபடி வைத்தாள். அப்படியேதான் பெட்டியை மூடினார்கள்.